ஆய்வகக் குடுவையிலிருந்து சொந்த ஆலை வரை: வேதிப் பொறியாளர் தொழில் தொடங்கும் வழி

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆலை தொடங்க நினைக்கும் இளம் வேதிப் பொறியாளர்கள் என்னைத் தேடி வரும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான். நீங்கள் செய்யப்போகும் பொருளில் இதுவரை எத்தனை பேட்ச் (ஒரே முறையில் கலனில் செய்து எடுக்கும் அளவு) உங்கள் கையால் கெட்டிருக்கிறது? சந்தையின் அளவு, முதலீட்டாளரின் பெயர், லாபக் கணக்கு எல்லாம் சொல்லத் தயாராக வந்தவர்கள் இந்தக் கேள்வியில் திகைத்துப்போகிறார்கள். நான் ஆலை தொடங்கிய நாளில் அந்த எண்ணிக்கை 31. கண்ணாடிப் புட்டிகளில் காகித லேபிள் ஒட்டும் பசைதான் என் பொருள். அது கெட்டியாகும், திரியும், நுரைத்துப் பொங்கும், மணல்போலக் கட்டி தட்டும், ஆறு வாரம் கழித்துப் பீப்பாய்க்குள் இரண்டாகப் பிரிந்து நிற்கும். இத்தனையையும் சிறிய கலன்களில் பார்த்து முடித்த பிறகுதான் பெரிய உலைக்கு, அதாவது வேதிவினை நடக்கும் கலனுக்கு, பணம் கட்டினேன்.

பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்த லியோ பேக்லேண்ட், தவறுகளைச் சிறிய அளவிலும் லாபத்தைப் பெரிய அளவிலும் செய்ய வேண்டும் என்ற பொருளில் பேசியிருக்கிறார். அவர் அதைச் செய்தும் காட்டினார். 1907-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர், நிறுவனத்தை நிறுவியது 1910-இல். இடைப்பட்ட காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்ஸ் நகரில், தம் வீட்டோடு இருந்த ஆய்வகத்தில் நீராவி அழுத்தக் கலன் ஒன்றை வைத்துக்கொண்டு, பொருளைச் சிறிய அளவில் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடைக்காலத்தை எப்படிக் கழிப்பது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆலைக்கு உரிமம் வாங்குவது, வங்கியில் கடன் கேட்பது போன்றவற்றைச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள்.

வேலையில் இருக்கும்போதே

ஒரு பாலிமர் ஆலையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் இரண்டு ஆண்டுகள் இரவு ஷிப்ட். வடிவமைப்புப் பிரிவில் வரைபடங்களோடு கழித்த ஆண்டுகளைக் காட்டிலும் அந்த இரண்டு ஆண்டுகள்தான் பின்னால் எனக்குக் கைகொடுத்தன. இரவில் மேலாளர் இருக்கமாட்டார், பராமரிப்புக் குழுவில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். ஏதாவது நடந்தால் நீங்களும் ஆபரேட்டரும்தான். அங்கே ஒரு மூத்த ஆபரேட்டர் ஒவ்வொரு சுற்றிலும் பம்ப்களின் உடலில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஒரு நாள், “அம்மா, இந்தப் பம்பின் சீல் நான்கு நாள் தாங்காது, எழுதி வையுங்கள்” என்றார். மூன்றாம் நாள் சீல் விட்டது. கருவிகள் எதிலும் அந்த எச்சரிக்கை வரவில்லை. சொந்த ஆலையில் முதல் ஆபரேட்டரை வேலைக்கு எடுத்தபோது சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பு அவரை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பம்பின் அருகே நிறுத்தி, என்ன கேட்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

வேலையில் இருக்கும் காலத்தில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் செய்முறை, விகிதம், வாடிக்கையாளர் பெயர் எதுவும் அதில் இருக்கக் கூடாது. அவை உங்களுக்குச் சொந்தமல்ல. நீங்கள் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படியுங்கள். ரகசியக் காப்பு, கண்டுபிடிப்பு உரிமை, போட்டித் தொழில் பற்றிய பகுதிகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். குறிப்பேட்டில் எழுத வேண்டியவை வேறு. எந்த வகை வால்வு அடைத்துக்கொள்கிறது, எந்த அளவுமானி பொய் சொல்கிறது, சுத்தம் செய்ய உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகிறது, ஒரு ஷிப்டிலிருந்து அடுத்த ஷிப்டுக்குத் தகவல் எந்த இடத்தில் தொலைகிறது. பாடநூல்களில் இவை இல்லை. நான் வெளியே வரும்போது ஒரு தாளும் கொண்டுவரவில்லை, கொண்டுவரத் தேவையும் இருக்கவில்லை.

எந்தப் பொருளைச் செய்வது? பெரிய ஆலை வேண்டாம் என்று விடுவதைப் பாருங்கள். பில் கோர் உட்டா பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்தவர், டியூபான்ட் என்ற பெரிய வேதிப்பொருள் நிறுவனத்தில் பணியாற்றியவர். பி.டி.எஃப்.ஈ. (டெஃப்லான்) என்ற பாலிமரை மின்கம்பிகளுக்கு உறையாக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. டியூபான்ட்டோ மூலப்பொருளை விற்பதோடு நிறுத்திக்கொள்ள விரும்பியது, அதிலிருந்து பொருள்கள் செய்து விற்பதில் அதற்கு ஆர்வம் இல்லை. 1958-இல், 45 வயதில், கோர் வேலையை விட்டுவிட்டு மனைவி ஜெனிவீவுடன் டெலவேர் மாநிலத்தில் தம் வீட்டு நிலவறையில் தொழிலைத் தொடங்கினார். அவர்களுடைய மகன் பாப் கோரும் வேதிப் பொறியாளர். 1969-இல் அவர் அதே பாலிமரைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்துப் பார்த்ததிலிருந்துதான் இன்று மழைச்சட்டைகளில் இருக்கும் கோர்-டெக்ஸ் பிறந்தது. புது மூலக்கூறு எதையும் தேடாமல், இருந்த பொருளின் கவனிக்கப்படாத ஒரு பயனைத்தான் இந்தக் குடும்பம் பிடித்துக்கொண்டது.

என் கதையும் சிறிய அளவில் அப்படித்தான். லேபிள் ஒட்டும் இயந்திரங்களில் பசை வரும் துளை மெல்லியது. ஊசிமுனை அளவு கட்டி வந்தாலும் வரிசை நின்றுவிடும். பெரிய ஆலைகள் டன் கணக்கில் பசை செய்பவை. மாதம் பத்துப் பீப்பாய் வாங்குகிறவருக்காக வடிகட்டியை மாற்றுவது அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. எனக்கு அந்தப் பத்துப் பீப்பாய் போதுமானதாக இருந்தது. மூன்று வாடிக்கையாளர்களின் இயந்திரங்கள் அருகே முழு நாள் நின்று, எத்தனை முறை நிற்கிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் போகிறது என்று எழுதி வைத்தேன். என் முதல் விற்பனைப் பேச்சு முழுவதும் அந்த எண்கள்தான்.

பதினேழு நிமிடமும் மூன்று மணி நேரமும்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். தொழில் தொடங்கும் வேதிப் பொறியாளர்கள் பணத்தையும் சில வேளைகளில் உயிரையும் இழப்பது இங்கேதான்.

என் பசை ஒரு பால்மம், அதாவது தண்ணீரில் நுண்துளிகளாகப் பரவி நிற்கும் பாலிமர். தண்ணீரில் வினைல் அசிட்டேட், பியூட்டைல் அக்ரிலேட் என்ற மோனோமர்களை (ஒன்றோடொன்று இணைந்து பாலிமராகும் சிறு மூலக்கூறுகளை) சிறுகச் சிறுக ஊற்றிப் பாலிமராக மாற்ற வேண்டும். வினையில் வெப்பம் வெளிவரும். வினைல் அசிட்டேட் ஒரு கிலோ பாலிமராகும்போது ஏறத்தாழ 1,000 கிலோஜூல். பால்மத்தில் பாதி எடை பாலிமர் என்றால், 1,000 கிலோ பேட்சில் 500 கிலோ மோனோமர், ஆக 5,00,000 கிலோஜூல். அந்த அளவு உலையின் ஜாக்கெட், அதாவது குளிர்நீர் ஓடும் வெளியுறை, சுமார் 4 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். வெப்பக் கடத்தல் கெழு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 300 வாட், உள்ளுக்கும் குளிர்நீருக்கும் இடையே 40 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், ஜாக்கெட் வெளியே எடுக்கக்கூடியது 48 கிலோவாட். மொத்த வெப்பத்தையும் எடுக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும்.

இதே கணக்கை ஒரு லிட்டர் குடுவைக்குப் போடுங்கள். விடை பதினேழு நிமிடம். கண்ணாடி வெப்பத்தை மோசமாகக் கடத்தும் என்பதால் சற்றுக் கூடலாம், அவ்வளவே. கொள்ளளவு ஆயிரம் மடங்கு பெருகும்போது பரப்பு நூறு மடங்கு மட்டுமே பெருகுகிறது. அதனால் ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் குளிர்விப்பு பத்தில் ஒன்றாகிவிடுகிறது. ஆய்வகத்தில் அரை மணி நேரத்தில் ஊற்றி முடித்த மோனோமரை ஆலையிலும் அரை மணியில் ஊற்றினால் வெப்பத்துக்கு வெளியேற வழி இருக்காது. குளிர்விப்பே இல்லாமல் அந்த முழு வெப்பமும் உள்ளேயே தங்கினால் பால்மத்தின் சூடு 150 டிகிரிக்கு மேல் ஏறும் அளவுக்கு அதில் ஆற்றல் இருக்கிறது. அதற்கு வெகு முன்னதாகவே தண்ணீர் கொதித்துவிடும்.

உங்கள் பொருள் எதுவானாலும் இந்த இரண்டு கணக்கையும் உலை வாங்குவதற்கு முன் ஒரே தாளில் எழுதுங்கள். வெப்பத்தை வெளியேற்ற எவ்வளவு நேரம் வேண்டும், வெளியேறாவிட்டால் சூடு எங்கே போய் நிற்கும்? இரண்டாவது எண் உங்கள் கரைப்பானின் கொதிநிலையைத் தாண்டினால், அல்லது வேறொரு வினையைத் தொடங்கிவைக்கும் சூட்டைத் தாண்டினால், வினையின் வெப்பத்தை அளக்கும் கருவி உள்ள ஆய்வகத்தில் சோதனை செய்யாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். செலவு அதிகம் என்று நீங்கள் தயங்குவது எனக்குத் தெரியும். நானும் தயங்கினேன்.

அந்தத் தயக்கத்தை முற்றிலும் போக்கியது அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்தின் அறிக்கை. புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறு நிறுவனத்தை ஒரு வேதிப் பொறியாளரும் ஒரு வேதியியலாளரும் 1996-இல் தொடங்கினார்கள். பெட்ரோலில் சேர்க்கும் ஒரு பொருளைத் தயாரிக்க, ஒரு லிட்டர் ஆய்வக உலையில் 110 முறை சோதித்துப் பார்த்தார்கள். பிறகு நேரே ஒன்பதாயிரம் லிட்டருக்கும் அதிகக் கொள்ளளவுள்ள உலைக்குப் போனார்கள். 2004-இல் முதல் பேட்ச். ஆரம்பத்திலேயே எதிர்பாராத சூடேற்றம் தென்பட்டது. 42-ஆவது பேட்சில் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள். 2007 டிசம்பர் 19 அன்று 175-ஆவது பேட்ச் ஓடும்போது குளிர்விப்பு போதாமல் போனது. சூடு ஏறியபோது, சோடியத்துக்கும் கரைப்பானுக்கும் இடையே அவர்கள் அறியாத இரண்டாவது வினை தொடங்கியது. உலை வெடித்து, உரிமையாளர்களில் ஒருவர் உட்பட 4 பேர் இறந்தார்கள், 32 பேர் காயமடைந்தார்கள். வேதிப் பொறியியல் பாடத்திட்டத்தில் வினை ஆபத்துகளைச் சேர்க்க வேண்டும் என்று விசாரணை அமைப்பு பரிந்துரைத்தது.

174 பேட்ச் வெடிக்காமல் முடிந்தது என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. இந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் எனக்கும் ஒரு முன்னோட்டம் கிடைத்திருந்தது. 50 லிட்டர் சோதனை உலையில், ஆக்சிஜனை விரட்டுவதற்காக வைத்த நைட்ரஜன் சிலிண்டர் காலியானதை நான் கவனிக்கவில்லை. கரைந்திருந்த ஆக்சிஜன் வினையைத் தடுத்துக்கொண்டிருக்க, பம்ப் மோனோமரை ஊற்றிக்கொண்டே இருந்தது. சூடு ஏறவில்லை. மெதுவாகத் தொடங்கும் என்று எண்ணி 25 நிமிடம் காத்திருந்தேன். அந்த ஆக்சிஜன் தீர்ந்ததும், சேர்ந்து கிடந்த மோனோமர் எல்லாம் ஒரே நேரத்தில் வினைபுரிந்தது. நுரை குளிர்விப்பான் வழியாக ஏறிக் கூரையைத் தொட்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. 1,000 லிட்டரில் நடந்திருந்தால் அப்படிச் சொல்ல முடிந்திருக்காது. அன்று முதல் எங்கள் பேட்ச் தாளின் முதல் வரி இது: ஊற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் வினை தொடங்கிய அடையாளம் தெரியாவிட்டால் பம்பை நிறுத்து, காரணம் தெரியாமல் மீண்டும் தொடங்காதே. அப்படி நிறுத்துகிறவரை யாரும் ஏன் என்று அதட்டக் கூடாது என்பதை இரண்டாவது வரியாகச் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் படிகள் 1, 50, 300, 1,000 லிட்டர் என்று இருந்தன. ஒவ்வொரு படியிலும் வேறொன்று கெட்டது. 50-இல் வெப்பம். 300-இல் கலக்கி. பெரிய கலனில் அதே சுழற்சி வேகத்தை வைத்தால் கலக்கியின் நுனி இன்னும் வேகமாக ஓடி, பால்மத்தை அடித்துத் திரித்துவிடும். வேகத்தைக் குறைத்தால் மோனோமர் மேலே மிதக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க ஒன்பது பேட்ச் தேவைப்பட்டது. 1,000-இல், உலைச் சுவரில் ஒவ்வொரு பேட்சும் விட்டுப்போன மெல்லிய பாலிமர்த் தோல். அது குளிர்விப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிக்கொண்டிருந்தது. இருபதாவது பேட்சில் ஜாக்கெட் வால்வு முழுவதும் திறந்தே கிடந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

காலத்தைச் சுருக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ரால்ஃப் லாண்டாவ் எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் முனைவர், 1946-இல் சயன்டிஃபிக் டிசைன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பாலியெஸ்டருக்கு அடிப்படையான டெரிப்தாலிக் அமிலத்தைச் செய்யும் முறை அவருடைய நிறுவனத்தில் பிறந்தது. அப்படிப்பட்டவரின் கூட்டு நிறுவனம் டெக்சஸின் சேனல்வியூவில் கட்டிய எத்திலீன் கிளைக்கால் ஆலை அரிப்பால் சீர்குலைந்து மூடப்பட்டது. 1980-இல் அந்தக் கூட்டு நிறுவனத்தில் இருந்த தன் பங்கையே லாண்டாவின் நிறுவனம் விற்றுவிட நேர்ந்தது. அரிப்பு ஒரு வாரச் சோதனையில் தென்படாது. மறுசுழற்சியில் சேரும் நுண்ணிய மாசுகளும் அப்படித்தான். சோதனை உலைக்குள் நீங்கள் வாங்கப்போகும் உலோகத்தின் எடைபோட்ட துண்டுகளைத் தொங்கவிடுங்கள். திரவத்தில் ஒன்று, ஆவியில் ஒன்று, இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் ஒன்று. மாதக் கணக்கில் அங்கேயே இருக்கட்டும். பெரும்பாலும் அந்த மூன்றாவது துண்டுதான் உங்களை எச்சரிக்கும்.

உலை வரைபடம் முடிந்ததும் ஹேசாப் (ஆபத்துகளையும் இயக்கக் கோளாறுகளையும் முன்கூட்டியே தேடும்) ஆய்வுக்கு உட்காருங்கள். 1960-களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் உருவான முறை அது. ஒவ்வொரு குழாயையும் விரலால் தொட்டு, ஓட்டம் இல்லாவிட்டால், அதிகமானால், குறைந்தால், திரும்பி ஓடினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். மேசையில் ஆபரேட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் ஆய்வில் கிடைத்த மிகப் பெரிய ஓட்டையை, மின்சாரம் போனால் கலக்கி நிற்கும், ஆனால் மேல்தொட்டியிலிருந்து மோனோமர் தானாக இறங்கிக்கொண்டே இருக்குமே என்று கேட்டு, ஆபரேட்டர்தான் சுட்டிக்காட்டினார்.

பணத்தைப் பற்றி

ஆலைச் செலவுக்கு ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு. கொள்ளளவின் 0.6 அடுக்குக்கு ஏற்பச் செலவு கூடும். இரு மடங்கு ஆலைக்கு ஒன்றரை மடங்கு செலவு, பத்து மடங்குக்கு நான்கு மடங்குதான். இந்தக் கணக்கைக் கல்லூரியில் படித்த எவருக்கும் பெரிய ஆலை கட்டும் ஆசை வரும். பாதி காலியாக ஓடும் பெரிய ஆலைக்கு இந்தக் கணக்கு எந்த உதவியும் செய்யாது. உங்களால் முடிந்தால் முதல் ஆண்டு உலையே வாங்காதீர்கள். உலை சும்மா கிடக்கும் வேறு ஆலையில் கூலிக்குச் செய்து வாங்குங்கள், நீங்கள் அருகில் நின்றுகொண்டு. நான் ஏழு மாதம் அப்படிச் செய்தேன். பிறர் உலையில் நம் பேட்ச் ஓடும்போது நம் தாளில் எதையெல்லாம் எழுதாமல் விட்டோம் என்பது பளிச்சென்று தெரியும்.

நடைமுறை மூலதனத்தை நாள்களில் கணக்கிடுங்கள். மூலப்பொருள் கிடங்கில் 30 நாள், செய்த பசை 10 நாள், வாடிக்கையாளர் பணம் தர 60 நாள். ஆக 100 நாள் செலவு வெளியே கிடக்கிறது. சப்ளையர் தரும் கடன் நாள்களை மட்டும் அதில் கழித்துக்கொள்ளலாம். விற்பனை இரட்டித்தால் இந்தத் தொகையும் இரட்டிக்கும். எங்கள் விற்பனை மிக வேகமாக வளர்ந்த ஆண்டில்தான் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் நான் தவித்தேன். லாபக் கணக்கில் எல்லாம் அழகாக இருந்தது.

பீப்பாய் திரும்பி வரும் நாள்

அது வரும். எங்களுக்கு நான்காம் மாதம் வந்தது, மூன்று பீப்பாய், பசை ஒட்டவில்லை என்ற புகாரோடு. நம் பொருள் சரியாகத்தான் இருக்கும் என்று வாதாடத் தோன்றும். வாதாடாமல் அன்றே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் அரை லிட்டர் மாதிரியை எண் ஒட்டி இரண்டு ஆண்டு வைத்திருக்கும் வழக்கம் எங்களிடம் இருந்தது. அந்த மாதிரியை எடுத்துச் சென்று அவர்கள் இயந்திரத்தில் ஓட்டினோம். அதுவும் ஒட்டவில்லை. கண்ணாடிப் புட்டியின் மேல் பூசும் பூச்சை அவர்களுடைய சப்ளையர் மாற்றியிருந்தார் என்பதைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆனது. தவறு எங்களுடையது இல்லை. இருந்தும் புதுப் பூச்சுக்கு ஏற்ற பசையைச் செய்து கொடுத்தோம். அவர்கள் இன்றுவரை எங்களோடு இருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குக் கடினமாக இருந்தது உலையை விட்டு விலகுவதுதான். முதல் இரண்டு ஆண்டுகள் நான் இல்லாமல் ஒரு பேட்சும் ஓடவில்லை, அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பிறகு ஒரு முறை ஒன்பது நாள் நோயில் படுத்தேன். ஒன்பது நாளும் ஆலை நின்றது. திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை, பேட்ச் தாளை நான் எழுதாமல் ஆபரேட்டர்களையே எழுதச் சொன்னது. நான் நான்கு பக்கத்தில் எழுதியிருந்ததை அவர்கள் ஏழு பக்கத்தில் எழுதினார்கள். எந்த வால்வு இறுக்கமானது, எந்த நிறத்தில் நுரை வந்தால் கவலைப்பட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. நீங்கள் இதை இரண்டாம் ஆண்டுவரை தள்ளிப்போடாதீர்கள். முதல் மாதமே செய்யுங்கள்.

5,000 லிட்டர் உலை வந்தபோது மூன்று நாள் வெறும் தண்ணீரை நிரப்பி ஓட்டினோம். சூடாக்கினோம், குளிரவைத்தோம், கலக்கியை எல்லா வேகத்திலும் சுற்றவிட்டோம். ஜாக்கெட்டின் உண்மையான திறன் கணக்கில் இருந்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. தாளில் ஊற்றும் நேரத்தை ஆறு மணி நேரத்திலிருந்து ஏழரையாக மாற்றினார்கள். நான்காம் நாள் காலை மோனோமர் வால்வைத் திறக்க என்னை அழைத்தார்கள். தாளை எழுதியவரே திறக்கட்டும் என்று சொல்லிவிட்டு, தெர்மாமீட்டர் தெரியும் இடத்தில் போய் நின்றேன். ஆறாவது நிமிடத்தில் சூடு ஏறத் தொடங்கியது.